பாட்டுக்குக் கூலி யாருக்கு?



அண்மையில் காரைக்குடிக்குப் போயிருந்தேன். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. சுமை தூக்கும் தோழர்கள் நான்கைந்து பேர், சட்டையில் பட்ட சுண்ணாம்பு காய்வதற்கு முன்பே வேலை முடித்து வந்த கொத்தனார் இருவர், நான். கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞனின் கைபேசியிலிருந்து ஒரு பாட்டு கிளம்பிற்று. பழைய பாட்டுத்தான். பாலசுப்ரமணியம் பாடியது. ஆனால் இடையிடையே யாரோ சிலர் குறுக்கே வந்து, மூச்சு விடாமல், படபடவென்று தமிழில் பொரிந்து தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

"நல்ல பாட்டை எவனோ கெடுத்துப்புட்டான்" என்று சலித்துக்கொண்டார் சுமைப்பணித் தோழர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர்.

"கெடுக்கலை பெரியப்பா, அதுக்கு மேல மாடி கட்டியிருக்காங்க. மலேசியாக்காரங்க" என்றான் பையன், கையை நிறுத்தாமலே.

அவன் சொன்னது என் மனத்தில் தைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் வரையில் அதே நினைவு. ஆகவே இந்த வாரம் விலைவாசியை விட்டு, பாட்டைப் பற்றி எழுதுகிறேன். 'இவனுக்கு ஏன் இந்த வேலை?' என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இறுதிவரை படித்துவிட்டுப் பிறகு சுளிக்கட்டும்.

அந்தப் பாட்டு, 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து'. அதன்மேல் மாடி கட்டியவர்கள் மலேசியத் தமிழ் இளைஞர் மூவர்: யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ். 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்று பெயர் சூட்டிக்கொண்டு 2006ஆம் ஆண்டில் 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை தமிழிலேயே அமைந்த முதல் ராப் தொகுப்பு என்று அத்துறை அறிந்தவர்கள் பலரும் அதையே குறிப்பிடுகிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கல்லூரி விழாக்களிலும் அந்தப் பாட்டு முழங்கிற்று. அந்தக் கூட்டுப் பெயரில் வந்த முழுத் தொகுப்பு அது ஒன்றுதான். சில ஆண்டுகளுக்குள் மூவரும் மூன்று வழியில் போனார்கள். குழுவின் வரலாறு அவ்வளவே. ஒரு பிடியில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பிடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

செட்டிநாட்டில் நின்றுகொண்டு மலேசியாவைப் பேசுவது புதிதல்ல. கானாடுகாத்தானுக்கும் தேவகோட்டைக்கும் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்கில் தூண்கள்! முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவின் நீளம்! இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வழிகாட்டி "பர்மா" என்பார். எதனால் வந்தன என்று அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி வைத்து நடந்த வட்டித் தொழிலினால் வந்தவை அவை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ராஜூலா' என்ற கப்பலை இந்தப் பக்கத்து முதியவர்கள் இன்றும் வாய்நிறையச் சொல்வார்கள்.

அதே கடல்வழியில், மேல்தளத்து வெயிலிலும் மழையிலும் மூட்டையோடு மூட்டையாய்க் கிடந்து போனவர்கள் வேறு சிலர். தஞ்சை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் என்று பல மாவட்டத்துக் கூலிகள். 1910 வரையில் ஒப்பந்தக் கூலியாகப் போனார்கள். பிறகு கங்காணி கூட்டிப்போக, அவன் பின்னால் போனார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்பிடிப்பைத் தடுத்து நிறுத்தியது. இருட்டோடு எழுந்து பால்மரம் சீவி, ஒட்டுப்பால் நாற்றம் உடம்பில் ஊறிப்போக, லயத்தில் பிறந்து லயத்தில் செத்தார்கள். அவர்கள் கட்டிய மாளிகை எங்கும் இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். தோட்டத்து வெள்ளைத் துரை எதிரே வந்தால், மிதிவண்டியில் போகும் தமிழன் இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூலி உயர்வையும் கேட்டார்கள், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். ஆனாலும் 'நான் ஏன் இறங்க வேண்டும்?' என்ற அந்த ஒரு கேள்விக்கு எத்தனை எடை! பட்டாளத்தை விட்டுச் சுட்டுத்தான் அந்த வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள்.

1957இல் மலாயாவுக்கு விடுதலை வந்தது. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். தொழிலாளி நடுத்தெருவுக்கு வந்தான். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முற்பட்டார். நல்ல முயற்சி. ஆனால் வெள்ளம் பெரிது, கரை சிறிது. அடுத்த தலைமுறைக் காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரம் அருகில் வந்த இடங்களிலெல்லாம் தோட்டம் அழிந்து வீட்டுமனையாகவும் கோல்ப் மைதானமாகவும் ஆயிற்று. லயத்துப் பிள்ளைகள் கோலாலம்பூரின் ஓரங்களில் தகரக் கொட்டகைகளிலும் அடுக்குமாடிகளிலும் ஒண்டினார்கள். தோட்டத்தில் கோயில் இருந்தது, தமிழ்ப் பள்ளி இருந்தது, திருவிழா இருந்தது. நகரத்து ஓரத்தில் என்ன இருந்தது? வேலை தேடும் இளைஞன் இருந்தான், அவனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் போலீஸ் இருந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு தாவு தாவுவோம். நியூயார்க்கில் பிராங்ஸ் என்றொரு பகுதி. பெருஞ்சாலை போடுகிறோம் என்று ஏழைகளின் வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். மிஞ்சிய கட்டடங்கள் எழுபதுகளில் ஒவ்வொன்றாக எரிந்தன. கறுப்பு இனத்தாரும் குடியேறி வந்தவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று, தான் குடியிருந்த கட்டடத்தின் கூடத்தில் ஆட்டபாட்டம் ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுச் சுழற்றியவன் அவள் அண்ணன், கூல் ஹெர்க். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று உலகம் இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். கோடீசுவரர்களின் மாளிகையில் பிறந்த கலை அல்ல தோழர்களே. பள்ளித் துணிக்குக் காசு இல்லாத வீட்டில் பிறந்த கலை.

இசைக் கருவி வாங்க வழியில்லாதவன் பழைய இசைத்தட்டைக் கருவியாக்கினான். பாட்டு வாத்தியாரிடம் போக வழியில்லாதவன் பேச்சையே பாட்டாக்கினான். நம்மூர் லாவணியில், எரிந்த கட்சிக்காரனும் எரியாத கட்சிக்காரனும் டேப்பைத் தட்டிக்கொண்டு கேள்வியும் பதிலுமாகச் சொல்லால் மோதுவதைப் பார்த்தவர்களுக்கு ராப் என்ன, கண்காணா அதிசயமா? ஒருவனை ஒருவன் மடக்க வேண்டும், சந்தம் தப்பக் கூடாது, மூச்சு முட்டக் கூடாது. இதில் எது நமக்குப் புதிது? 'இது மேனாட்டுக் குப்பை' என்று மேடையில் முழங்கும் நம்மவர்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் பிடித்துக்கொண்டு முழங்கும் ஒலிபெருக்கி எந்த ஊர்? ஆர்மோனியம் எந்த ஊர்? காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா பிற்காலத்தில் தொழிலாளிக்குப் பாட்டெழுதினார். அவற்றை மெட்டு எந்த ஊருடையது என்று கேட்டுவிட்டா தொழிலாளி பாடினான்?

மலேசியாவுக்குத் திரும்புவோம். நட்சத்திராவுக்கு முன்பு யோகி பி இருந்த குழு 'பொயட்டிக் அம்மோ'. நால்வர் குழு. 1998இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நான்கு மொழிகள் அதில் ஒலித்தன. அந்த நாட்டின் இயல்பே அதுதான். எல்லாரையும் மகிழ்விக்க எல்லா மொழியிலும் ஒரு பங்கு. அதைவிட்டு, 2006இல் முழுக்க முழுக்கத் தமிழில் என்று அந்த மூவர் இறங்கியது சிறிய துணிவல்ல. மலாய் பேசும் சந்தை அங்கே பெரிது. ஆங்கிலம் பேசினால் உலகச் சந்தை. தமிழ்ச் சந்தை மூன்றாம் இடம்கூட இல்லாத நாட்டில் தமிழில் கட்டினார்கள். கட்டிய தமிழும் பாடப்புத்தகத் தமிழ் அல்ல. தெருத்தமிழும் செந்தமிழும் ஆங்கிலமும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி ஓடுகிற தமிழ். எனக்கு அதில் சில இடம் பிடிக்கவில்லை. 'நான் வல்லவன், நான் வல்லவன்' என்று மார்தட்டுவது கொஞ்சம் அதிகம் என்று நினைத்தேன். பிறகு மிதிவண்டியைவிட்டு இறங்கி நின்றவனை நினைத்தேன். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

2007 நவம்பர் 8, தீபாவளி. வெற்றிமாறன் இயக்கி தனுஷ் நடித்த 'பொல்லாதவன்' வெளியாயிற்று. அதில் 'எங்கேயும் எப்போதும்' என்ற பழைய பாட்டு புதுக்கோலத்தில் வந்தது. பாலசுப்ரமணியத்தின் குரலோடு யோகி பியும் நட்சத்திராவும் சேர்ந்து ஒலித்தார்கள். மூலப் பாட்டு 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் உள்ளது. அந்தப் படமே சிங்கப்பூருக்குப் போய்ப் பாடும் ஓர் இசைக்குழுவின் கதைதான். பாலசந்தர் படம், விசுவநாதன் இசை. பாட்டெழுதியவர் யார்? காரைக்குடிக்குப் பக்கத்திலே சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன்! இன்று காரைக்குடியில் மணிமண்டபத்தில் சிலையாக இருப்பவர்.

என்ன விந்தை பாருங்கள்! செட்டிநாட்டுக் கவிஞன், கடல்கடந்து போகும் பாட்டுக்காரர்களுக்காக எழுதினான். 28 ஆண்டு கழித்துக் கடலுக்கு அப்பாலிருந்து பாட்டுக்காரர்கள் வந்து, அவன் வரிக்குப் பக்கத்தில் தங்கள் வரியை வைத்தார்கள். அதே 1979இல்தான் அமெரிக்காவில் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டு வந்து, ராப் தெருவை விட்டுக் கடைவீதிக்குப் போயிற்று. அந்தத் தட்டிலே ஒருவன் பாடிய வரிகள், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொருவன் எழுதியவை. எழுதியவனுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை என்பது அந்த உலகில் அனைவரும் அறிந்த கதை. அதாவது, தட்டு விற்பனைக்கு வந்த அன்றே திருட்டும் வந்துவிட்டது.

அந்தத் தீபாவளி கழிந்து 17ஆம் நாள், 2007 நவம்பர் 25, கோலாலம்பூர் வீதியில் 'ஹிண்ட்ராப்' அழைப்பின்பேரில் மலேசியத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாய்த் திரண்டார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. பாட்டுக்கும் அந்தப் பேரணிக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. பாட்டினால் யாரும் தெருவுக்கு வரவில்லை, வயிறும் மானமும் எரிந்ததால் வந்தார்கள். ஒரே மாதத்தில் இங்கே திரையரங்கில் அந்தக் குரலுக்கு விசில், அங்கே வீதியில் அந்த மக்களுக்குப் புகை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குழு ஏன் நிலைக்கவில்லை? மூவருக்கும் இடையே என்ன நடந்தது என்ற வீட்டுக்கதை நமக்கு வேண்டாம். வெளியே தெரிவதைப் பார்ப்போம். சென்னைத் திரையுலகம் கடை விரித்தது. அந்தக் கடைக்குக் குழு தேவையில்லை, குரல் தேவை. படத்தில் ஐந்து பாட்டு இருந்தால், ஒரு பாட்டில் அரை நிமிடம் பொரிந்து தள்ள ஓர் ஆள் தேவை. 'எந்திரன்', 'ஆடுகளம்', 'விவேகம்', 'தர்பார்' என்று 2010 முதல் 2020 வரையிலான படங்களில் யோகி பியின் குரலைக் கேட்கலாம். நல்ல குரல், உழைத்து வந்த இடம், பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'வல்லவன்' போலத் தாமே தலைப்பு வைத்து, தாமே வரிசை அமைத்து, தாமே சொல்ல வந்ததைச் சொன்ன மூவர் கூட்டு அதில் எங்கே இருக்கிறது? சொந்தப் பட்டறை வைத்திருந்தவன், பெரிய ஆலையில் நாள்கூலிக்குப் போனது போலத்தான்.

குழுவின் பெயரையும் கவனித்திருப்பீர்கள். ஒருவருக்குத் தனிப்பெயர், மற்றவர்களுக்குச் சேர்த்து 'நட்சத்திரா'. மூத்தவர், அனுபவம் உள்ளவர், ஊரறிந்த பெயர். சந்தைக்கு அது உதவியிருக்கும். இருந்தாலும் சங்கம் நடத்திய எவனுக்கும் தெரியும், பலகையில் ஒருவர் பெயரை மட்டும் பெரிதாக எழுதினால் பின்னால் என்ன வரும் என்று. இது என் கருத்து, அவர்கள் மறுக்கலாம்.

அமெரிக்காவில் 'என். டபிள்யூ. ஏ.' என்ற குழுவும் இப்படித்தான் குறுகிய ஆயுளோடு போயிற்று. 1988இல் அவர்களுடைய புகழ்பெற்ற தொகுப்பு வந்தது. பாட்டு வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர்களில் ஒருவன் ஐஸ் கியூப். வந்த பணத்தில் தன் பங்கு என்ன என்று கணக்குக் கேட்டான். சரியான பதில் வரவில்லை. 1989 முடிவில் வெளியேறினான். 1991க்குள் குழுவே கலைந்தது. போலீசை எதிர்த்துப் பாடியவர்களைப் போலீசு கலைக்க முடியவில்லை. கணக்குப் புத்தகம் கலைத்தது.

நம் நாட்டில் நடந்ததும் உண்டு. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, 1964 ஒப்பந்தத்தின் விளைவாகத் தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட பாட்டியின் பேரன் அறிவு. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பாட்டைப் போற்றி அட்டைப்படம் போட்ட ஆங்கில இதழில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. எழுதியது யார், இசை அமைத்தது யார் என்ற வழக்கு வெளியில் வந்து வெடித்தது. 2024இல் சந்தோஷ் நாராயணனே வாய்திறந்து, அந்தப் பாட்டினால் வந்த வருமானம் எவருக்கும் வந்து சேரவில்லை என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தபோது பெட்டி எங்கேயோ இருந்திருக்கிறது. தொழிலாளிகளைப் பிரித்து வைத்துவிட்டுக் கணக்கை மறைக்கும் தந்திரம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதா?

தேநீர்க் கடைப் பையனிடம் மறுபடி பேச்சுக் கொடுத்தேன். அவனும் எழுதுகிறானாம். நண்பர் நால்வர், ஓர் அறை, ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி. "காசு எப்படிப் பிரிப்பீங்க தம்பி?" என்றேன். "இன்னும் வரலையே அண்ணே" என்று சிரித்தான். வராதபோதே பேசிக்கொள்ள வேண்டிய பேச்சல்லவா அது!

அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன், வீட்டில் பாட்டெழுதும் பிள்ளை இருந்தால் காதில் போடுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது, 2012இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு, படத்துக்கோ இசைத்தொகுப்புக்கோ பாட்டெழுதியவனும் மெட்டமைத்தவனும் உரிமையை விற்றாலும்கூட, திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு சம்பாதிக்கும்போது வரும் உரிமத்தொகையில் தன் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ராப் வரி எழுதியவனும் பாட்டெழுதியவன்தான். அரை நிமிட வரியானாலும் வரி வரிதான். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவேதான் புத்திசாலி முதலாளிகள் 'உலகம் முழுதும், என்றென்றும்' என்று சிறிய எழுத்தில் போட்டு நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தச் சிறிய எழுத்தைப் படி என்றேன். 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர் என்றேன். நால்வரும் உட்கார்ந்து, எந்தப் பாட்டில் எவர் எழுதியது எவ்வளவு, எவர் மெட்டு, எவருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சிநேகிதங்களுக்குள்ள எதுக்குண்ணே எழுத்து?" என்றான்.

சுமைப்பணித் தோழர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டைப் பழித்தாரே, அவர்தான். "நாங்க நாலு பேரும் ஒரே ஊரு, ஒரே தெரு. இருந்தும் மூட்டைக் கணக்கு நோட்டுல எழுதித்தான்டா வைக்கிறோம். அதனாலதான் முப்பது வருசமா நாலு பேரா இருக்கோம்" என்றார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை நீட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரையும் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். யாரோ ஒரு கம்பெனிக்காரர் நீட்டிய ஒப்பந்தத் தாள் ஒன்றும் கையில் இருக்கிறதாம், ஆங்கிலத்தில், பதினோரு பக்கம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தோழர் எவரேனும் அன்று காலை பத்து மணிக்கு வந்தால் உதவியாக இருக்கும்.